உப்புக்காரி, ஐந்தாம் முறை

பிரான்சில் நாந்த் நகரத்தின் சிறிய அரங்கு ஒன்றில் அப்போது நான்தான் முதல் பாடகி. 1909ஆம் வருஷம். ரபூர்தான் என்ற இயக்குநர் பரணிலிருந்து ஓர் ஓபரா இசை நாடகத்தின் கையெழுத்துப் பிரதியைத் தேடி எடுத்தார். பெயர் 'உப்புக்காரி'. முப்பது வருஷத்துக்கு முன் அதே மேடையில் நான்கே தடவை நடந்தது. பிறகு யாரும் அதைத் தொடவில்லை. வரி கட்டாமல் உப்பு கடத்தும் ஒருத்தியை, அவளைக் காதலிக்கும் சுங்கக் காவலனே இருட்டில் ஆள் தெரியாமல் சுட்டுவிடுகிறான். கதை அவ்வளவுதான். உப்புக்காரி நான்.

என் பாட்டு வாத்தியார் கெனெலிடம் ஒன்பது வருஷமாகப் படிக்கிறேன். ஒரு காலத்தில் பெரிய டெனர், உச்சக் குரலில் பாடும் ஆண் பாடகர். தொண்டை நோயால் பாடுவதை விட்டவர் என்றுதான் எனக்குத் தெரியும். அவர் சந்தோஷப்படுவார் என்று பிரதியை எடுத்துப் போனேன்.

அவர் முதல் பக்கத்தைப் பார்க்கவில்லை. நேராக மூன்றாம் அங்கத்தைப் புரட்டினார்.

"சுடுறவன் எவ்வளவு தூரத்துல நிப்பான்?"

"ரெண்டு மூணு அடி இருக்கும், மாஸ்டர்."

"நானும் அங்கதான் நின்னேன்."

எனக்குப் புரியவில்லை. அவர் பியானோவை மூடினார்.

"நாலாவது நாள். உப்புக்காரியா பாடினவ, யூலாலி கார்னோன்னு பேரு, இருபத்திநாலு வயசு. துப்பாக்கியில குண்டு கிடையாது. வெடிமருந்தை அழுத்தி வைக்கிற துணியடைப்புதான். கிட்டத்துல சுட்டா ஆளைக் கொல்ல அதுவே போதும்னு எங்க யாருக்கும் தெரியல. விழுந்தா. சபை கை தட்டிச்சு."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"பாடினேன். கதையில உப்புக்காரி செத்ததும் எனக்கு எட்டு வரி புலம்பல் இருக்கே. பக்கத்துல மண்டி போட்டு முழுசா பாடினேன். என் சட்டைக் கையைப் பிடிச்சு இழுத்தா. இன்னிக்கு என்னமா நடிக்கிறாளேன்னு நினைச்சேன்."

விடைபெறாமல் வெளியே வந்தேன் என்பதே தெருமுனையில்தான் உறைத்தது.

நேரே ரபூர்தானிடம் போனேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மேஜை இழுப்பறையிலிருந்து அந்தச் சாவைப் பற்றிய பழுப்பேறிய செய்தித்தாள் துண்டை எடுத்து நீட்டினார்.

"தெரியும்மா. இல்லேன்னா இத்தனை ஓபரா இருக்க இதை ஏன் எடுக்கறேன்? ஊரே வரும் பாருங்க."

"என்கிட்ட சொல்லியிருக்க வேணாமா?"

"சொன்னா பாடுவீங்களா?"

அவர் கேட்டது கிண்டலாக அல்ல. நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ளத்தான். அதுதான் என்னை இன்னும் உலுக்கியது. மேடைக்குத் துப்பாக்கி வந்தால் நான் வரமாட்டேன் என்றேன். சுவரொட்டிகள் ஒட்டியாகிவிட்டதால் இறங்கி வந்தார். திரைக்குப் பின்னால் முரசில் ஓர் அடி. காவலன் கையில் வெறும் கட்டை.

பதினோரு தடவை நடந்தது. கெனெல் ஒருநாளும் வரவில்லை. முரசு அதிர்ந்ததும் விழுவேன். விழுந்தபின், அந்த எட்டு வரி முடியும்வரை, என் மார்பு ஏறி இறங்குவது காவலனாகப் பாடும் டெனருக்கு நன்றாகத் தெரியும்படி மூச்சு விடுவேன்.

மூன்றாம் நாள் அவன் சலித்துக்கொண்டான். "ஏம்மா, செத்தவ இப்படியா மூச்சு வாங்குவா? முன்வரிசையில சிரிக்கறாங்க."

"சிரிச்சுட்டுப் போகட்டும். நீ என்னைப் பார்த்துக்கிட்டே பாடு," என்றேன்.