மூன்றாவது காரின் பழைய நம்பர்

வசீகரனிடம் காரின் தகுதிச் சான்றிதழான வாரண்ட் எடுக்கப் போவதும் சனீஸ்வரனிடம் வரம் கேட்கப் போவதும் ஒன்று என்று நியூசிலாந்தின் ஒக்லாந்துத் தமிழர்கள் சொல்வார்கள். மவுண்ட் வெல்லிங்டனில் அவர் கார் சோதிக்கும் கராஜுக்கு உறவுக்காரன் என்று பல்லைக் காட்டிக்கொண்டு போனாலும் சரி, டயரைத் தடவி, பிரேக்கை மிதித்து, கடைசியில் ஃபெயில் என்று தாளைக் கையில் தந்து அனுப்பிவிடுவார். கோயில் தலைவரின் வேனைத் திருவிழாவுக்கு முதல் நாள் திருப்பி அனுப்பிய மனிதர். மனைவி ரதிதேவிக்கு இதில் வெளியே வெட்கம், உள்ளே பெருமை.

அப்படிப்பட்டவரின் கையெழுத்தோடு ஒரு பொய் அரசாங்கக் கோப்பில் பதினாறு வருடமாகக் கிடக்கிறது. அதைக் கொண்டுபோய் அங்கே வைத்தவள் ரதிதேவி. அவருக்கு அது தெரியாது.

செவ்வாய்க்கிழமை பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில்தான் அது கிளம்பியது. ரதிதேவிக்கு மங்கரேயில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் வேலை. கூட வேலை செய்யும் லோஜனா ஃபோனை நீட்டி, "அக்கா, இது உங்கட வீட்டில நிக்கிற காரைப் போல எல்லோ கிடக்கு?" என்றாள்.

ஃபேஸ்புக்கில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். தகரக் கொட்டிலின் முன்னால் மூன்று கார்கள், மூன்று இளந்தாரிகள். போட்டிருந்தவள் டெனீஸ் என்ற வெள்ளைக்காரி. அறுபதுகளில் அவளுடைய தகப்பனும் இரண்டு கூட்டாளிகளும் பழைய ஃபோர்ட் கார்களை வாங்கி, கூரையை வெட்டித் தாழ்த்தி, பெரிய எஞ்சினைப் பூட்டிச் செய்த ஹொட் ரொட் கார்கள் அவை. தகப்பன் போன வருடம் செத்துப்போனார். மூன்று காருக்கும் என்ன நடந்தது என்று அறியாமல் விடுவதில்லை என்று மகள் நாடு முழுக்க விசாரித்துக்கொண்டிருந்தாள். முதலாவது எண்பத்தோராம் ஆண்டு பழைய இரும்புக்குப் போய் நசுங்கியது. இரண்டாவது ஒரு பண்ணைத் தீயில் எரிந்தது. மூன்றாவது, முப்பத்துநாலாம் ஆண்டு ஃபோர்ட், நம்பர் சீ எல் 2906. அந்த நம்பர் இரண்டாயிரத்து ஒன்பதில் பதிவிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. அதற்குப் பிறகு காரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

படத்துக்குக் கீழே ஊர்ப்பட்ட சனம் எழுதியிருந்தது. இப்படிப்பட்ட காரின் பழைய நம்பரை எந்த மடையன் மாற்றுவான், களவெடுத்தவன்தான் மாற்றுவான் என்று ஒருவன். பொலிசுக்குச் சொல்லு என்று இன்னொருவன். ஒக்லாந்தின் மாசிப் புறநகரில் ஓர் இந்தியனிடம் இப்படியொன்று நிற்கிறது, நம்பர் மட்டும் வேறு என்று மூன்றாமவன். அவர்களின் வீடு அங்கேதான். இலங்கைத் தமிழனை இந்தியன் என்று எழுதியதற்குக் கோபப்படக்கூட ரதிதேவிக்கு நேரமில்லை.  அது வேறு கார் என்று லோஜனாவிடம் சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடிக்காமலே ஊற்றினாள்.

நடந்தது இதுதான். இரண்டாயிரத்து ஒன்பது தையில் வசீகரன் ஒரு பண்ணைக் கொட்டிலில் கோழி எச்சத்துக்குக் கீழே கிடந்த அந்தக் காரைக் கண்டு, கண்ட இடத்திலேயே மயங்கி, வாங்கி ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனிசன் காரைச் சுற்றிச் சுற்றி வருகிறார், மனிசி நம்பரைக் கூட்டுகிறாள். இரண்டும் ஒன்பதும் ஆறும் பதினேழு. ஒன்றும் ஏழும் எட்டு. எட்டு சனியனின் எண். எட்டில் வாகனம் வைத்திருக்க எந்தத் தமிழன் துணிவான்? இவர் துணிந்தார். விசர்க்கதை கதையாதே என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

வேறு வருடமென்றால் அவளும் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு விட்டிருப்பாள். அந்த வருடம் அவளுடைய தம்பி நிமலன் இலங்கையில் கடைசிச் சண்டைக்குள், வன்னியில் அகப்பட்டிருந்தான். வாரத்துக்கு ஒருமுறை வந்த ஃபோன் மாதத்துக்கு ஒன்றாகி, வைகாசியில் அதுவும் நின்றது. சனம் வெளியே வந்த நாளில் ஆமிக்காரர் அவனை ஒரு பஸ்சில் ஏற்றியதைக் கண்டதாக ஒருத்தி சொன்னாள். அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு சொல் இல்லை. ரதிதேவிக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த எட்டுத்தான் கண்ணில் குத்தியது. ஒரு சனிக்கிழமை பார்த்து, வசீகரன் வேலைக்குப் போன பிறகு, நம்பர் பிளேட் இரண்டையும் கழற்றி, எள்ளோடு துணியில் சுற்றிக் கொண்டுபோய், மங்கரே பாலத்தில் நின்று கடலில் போட்டாள். சாமான் ஒதுக்கும்போது பிளேட் தொலைந்துவிட்டது என்று அவரிடம் சொன்னாள். தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தால் புது நம்பர் தருவார்கள். படிவத்தையும் அவளே நிரப்பி நீட்டினாள். அவர் பெண்சாதியை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

புது நம்பரைக் கூட்டினால் ஐந்து. தம்பி வரவில்லை.

இப்போது அவளைப் பிடித்து ஆட்டியது ஒரே பயம். வாரண்ட் கொடுக்கும் அனுமதியை நேர்மையான ஆளென்று கண்டால்தான் கொடுப்பார்கள். பொய் எழுதிக் கொடுத்தவர் என்று ஒருவன் முறைப்பாடு போட்டால் அனுமதி போய்விடும். அனுமதி போனால் அந்த மனிதரிடம் என்ன மிஞ்சும்? அவர் ஃபெயில் போட்ட அத்தனை பேரும் வரிசையில் நின்று சிரிப்பார்கள்.

அந்த வாரம் அவள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. வேலைத்தலத்தில் கழிப்பறைக்குள் இருந்து அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தாள். நாற்பது பேர் எழுதியிருந்தது நூறானது. வீட்டில் ஃபோன் அடித்தால் ஓடிப்போய் முதலில் எடுத்தாள். ஒரு பின்னேரம் காரை வெளியே எடுக்கலாமென்று வசீகரன் சொன்னபோது தலையிடி என்றாள். காரை விற்றால் என்ன என்று ஒருநாள் கேட்டும் பார்த்தாள். பிள்ளையை விற்போமா என்று கேட்டதைப் போல அவர் பார்த்தார். உண்மையைச் சொல்ல மூன்று முறை வாயெடுத்து, மூன்று முறையும் சோறு போடவோ என்று கேட்டு முடித்தாள். கத்தரிக்காய் முற்றினால் சந்தைக்கு வந்துதானே ஆகவேண்டும்.

சனிக்கிழமை காலை பத்தரைக்கு வாசல் மணி அடித்தது. மாசி என்று எழுதியவனிடம் இடம் கேட்டு, கையில் ஒரு தடித்த கோப்போடு டெனீஸ் வந்து நின்றாள். அறுபதைத் தாண்டிய, மெலிந்த பெண். வசீகரனுக்கு ஃபேஸ்புக் என்றால் என்னவென்றே தெரியாது. காரைப் பார்க்க ஒருத்தி வந்திருக்கிறாள் என்றதும் மனிசன் பூரித்துப்போய் மூடியிருந்த துணியை இழுத்து எறிந்தார். டெனீஸ் நேரே தரையில் படுத்து, காருக்குக் கீழே கையை விட்டுத் தடவினாள். அடிச்சட்டத்தின் உட்பக்கத்தில் அவளுடைய தகப்பன் பழைய பென்னிக் காசு ஒன்றை ஒட்டி வைத்திருந்தாராம். விரல் அதில் பட்டதும் அப்படியே படுத்துக் கிடந்து அழுதாள்.

ரதிதேவி தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றாள். 

எழுந்து முகத்தைத் துடைத்த பிறகு டெனீஸ் நம்பரைப் பற்றிக் கேட்டாள். இணையத்தில் ஆட்கள் களவென்று கண்டபடி எழுதுகிறார்கள், தான் அப்படி நினைக்கவில்லை, ஆனாலும் கேட்காமல் போக முடியாது என்றாள். வசீகரனின் முகம் கறுத்தது. களவு என்ற சொல்லை அவரை நோக்கி இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. பிளேட் தொலைந்துவிட்டது, தொலைந்ததென்றே எழுதிக் கொடுத்தேன், வேண்டுமானால் படிவத்தை எடுத்துப் பாருங்கள் என்று நிமிர்ந்து நின்று சொன்னார். பிறகு மனைவியிடம் திரும்பினார்.

"ரதி, எங்க வைச்சுத் துலைஞ்சதெண்டு நீயே இவவுக்குச் சொல்லன்."

ஓம் என்று ஒரு சொல் போதும். சாமான் ஒதுக்கியபோது என்று இழுத்தால் போதும். டெனீஸும் நம்பத் தயாராகத்தான் நின்றாள். கார் களவென்றாலும் பரவாயில்லை, எரிந்திருந்தாலும் பரவாயில்லை என்று கோப்பை மார்போடு அணைத்தபடி சொன்னாள். கெட்ட செய்தியென்றால் ஒருநாள் அழுதுவிட்டு எழும்பலாம், ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான் ஆளைத் தின்கிறது என்றாள். ரதிதேவி அவளைப் பார்த்தாள். ஒரு காருக்காக இப்படியொருத்தி தேடி அலைகிறாளே என்று ஒரு கணம் எரிச்சல்தான் வந்தது. அடுத்த கணம் அந்த எரிச்சல் எங்கேயோ போய்விட்டது. இந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

"துலையேல்ல. நான்தான் கடலில போட்டனான்" என்று தமிழில் புருசனிடம் சொன்னாள். பிறகு அதையே ஆங்கிலத்தில் டெனீஸிடம் சொன்னாள். எட்டைச் சொன்னாள், எள்ளைச் சொன்னாள், தம்பியைச் சொன்னாள். ஆங்கிலம் தடக்கிய இடங்களில் நின்று மூச்சு வாங்கினாள். வசீகரன் கராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டெனீஸ் கோப்பை மூடினாள். கார் கிடைத்துவிட்டது, நல்ல கையில் இருக்கிறது என்று மட்டும் எழுதிவிடுகிறேன், நம்பர் கதை ஒருவருக்கும் தேவையில்லை என்றாள். ரதிதேவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் அதை வசீகரன் பறித்தார். இல்லை, திங்கட்கிழமை நானே வாகனப் பதிவு அலுவலகத்துக்கு ஃபோன் அடித்துச் சொல்கிறேன் என்றார். டெனீஸ் வேண்டாமென்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு காரைத் துணியால் மூடினார்.

அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமையும் ரதிதேவி கெஞ்சினாள். பதினாறு வருசத்துக்குப் பிறகு ஆர் கேட்கப் போறான், வேலை போனால் என்ன செய்வது, என்னை நினைச்சாவது விடுங்கோ என்றாள். கடைசியில் அவர் வாயைத் திறந்தார்.

"வேற ஒருத்தன் செய்திருந்தா நான் விட்டிருப்பனோ?"

"விட்டிருக்க மாட்டியள்."

"பிளேட் போனது போகட்டும். நிமலனுக்காகவெண்டு ஒரு சொல்லு சொல்லியிருக்கலாம் எல்லோ. அவன் எனக்கும் மச்சான்தானே."

அவள் அழுதாள். 

திங்கட்கிழமை இருவரும் வேலைக்குப் போகவில்லை. ஒன்பது மணிக்கு வசீகரன் சாப்பாட்டு மேசையில் ஃபோனை வைத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டு அடித்தார். வரிசையில் காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். முப்பத்தைந்து நிமிடம் அந்தப் பாட்டு ஓடியது. அவர் சட்டையின் மேல் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். கோயில் தலைவரின் வேனைத் திருப்பி அனுப்பிய கை அது. ரதிதேவியால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

பாட்டு நின்று ஒரு பெண் வணக்கம் சொன்னாள். வசீகரன் தொண்டையைச் செருமினார். அவர் வாயைத் திறக்க முதல் ரதிதேவி ஃபோனைத் தன் பக்கம் இழுத்தாள்.

தன் பெயரைச் சொன்னாள், புருசனின் பெயரைச் சொன்னாள். கையெழுத்து அவருடையது, பொய் என்னுடையது, அவருக்குப் போன சனிக்கிழமை வரைக்கும் தெரியாது என்றாள். மறுபக்கத்தில் தட்டச்சுச் சத்தம் கேட்டது. எந்த வருடம், பழைய நம்பர் என்ன, புது நம்பர் என்ன என்று அந்தப் பெண் ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்றும் கேட்டாள், படிவத்தில் காரணம் எழுத ஓர் இடம் இருந்ததாம். ரதிதேவி சொன்னாள். எட்டு என்ற இடத்தில் தட்டச்சு ஒருமுறை தயங்கியது. தம்பி என்ற இடத்தில் நின்றுவிட்டது.

இருவரும் நடந்ததை எழுதி அனுப்பவேண்டும், தீர்மானிப்பது தனக்கு மேலே உள்ளவர்கள், என்ன முடிவு வருமென்று தன்னால் சொல்ல முடியாது, அதுவரை அவர் வேலை செய்யலாம் என்றாள் அந்தப் பெண். வசீகரன் நாடியைக் கையில் தாங்கியபடி கேட்டுக்கொண்டிருந்தார். நன்றி சொல்லி வைக்கப் போனாள் ரதிதேவி.

"ஒரு நிமிடம். இது படிவத்தில் இல்லாத கேள்வி" என்றாள் அந்தப் பெண். "உங்கள் தம்பி கிடைத்தாரா?"

பதினாறு வருடத்தில் ரதிதேவி எத்தனை அலுவலகங்களுக்கு எழுதியிருப்பாள், எத்தனை தேசத்து ஃபோன்களில் காத்திருந்திருப்பாள். பிறந்த திகதி கேட்டார்கள், அடையாள அட்டை இலக்கம் கேட்டார்கள், உயரம் கேட்டார்கள். இதை ஒருவரும் கேட்டதில்லை.

"இன்னும் இல்லை பிள்ளை" என்று தமிழிலேயே சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. வசீகரன் குனிந்து, அதை ஆங்கிலத்தில் சொன்னார்.