தலைவர் நாற்காலியில் ராதிகா

சென்னையை அடுத்த பருத்திப்பட்டில் ஒரு ஃபிளாட்டில் குடியிருக்கும் திருமுருகன், பெரிய கட்டடங்களின் உட்புறங்களைப் படம் எடுப்பவன். போன மார்ச்சில், ஐரோப்பாவில் உள்ள பன்னாட்டு அமைப்பு ஒன்று தன் தலைமையகத்தின் பேரவை மண்டபத்தைப் படம் எடுக்க அவனை அழைத்தது. பொன்முலாம் பூசிய கூரை, இரண்டாயிரம் இருக்கைகள், உயரத்தில் பளிங்கு மேடை. மூன்று நாள் எடுத்தும் ஒரு படத்திலும் உயிர் இல்லை.

கடைசி நாள் காலை அவன் ஃபோனில் தமிழ் பேசியதைக் கேட்டு, மேடையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் திரும்பினாள்.

"அண்ணா, மெட்ராஸா? நான் நசரத்பேட்டை."

பெயர் ராதிகா. ஆறு வருடமாக அங்கே துப்புரவு வேலை.

"அந்த நடு நாற்காலியில உக்காரும்மா, ஒரு படம் எடுக்கறேன்."

"ஐயோ, அதுல தலைவருங்கதான் உக்காருவாங்க. யாருனா பாத்தா என் வேலை பூடும்."

"வெளிய போடமாட்டேன். உங்கம்மாவுக்கு மட்டும் அனுப்பறேன்."

அவள் துடைக்கும் துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சிரிப்பு அடக்க முடியவில்லை அவளுக்கு.

ஊர் திரும்பியதும் அந்தப் படத்தைத்தான் முதலில் இணையத்தில் போட்டான். இரண்டே நாளில் லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். மூன்றாம் நாள் தலைமையகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. அவளாக உட்கார்ந்தாளா, நீங்கள் உட்காரச் சொன்னீர்களா?

உண்மையைச் சொன்னால் இனி அங்கே நுழைய முடியாது. 'நான் போனபோது அவர் அங்கே உட்கார்ந்திருந்தார்' என்று எழுதி அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனான்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராதிகாவின் அம்மா பொன்னியம்மா விலாசம் விசாரித்து வந்து நின்றாள்.

"எம்பொண்ண வேலைய உட்டுத் தூக்கிட்டாங்க நைனா. அவளே போயி குந்திக்கினாளாம். நீ சொல்லித்தான் குந்துனான்னு ஒரு வரி எழுதிக் குடு. உன்னத்தான் நம்பிக்கினு கீறா."

"நான் சொல்லலியேம்மா."

அவன் மனைவி நிவேதிதா நிமிர்ந்து பார்த்தாள். ராதிகாவை எப்படிப் பேசி உட்காரவைத்தேன் என்று அவனே சிரித்துச் சிரித்துச் சொல்லியிருந்தான்.

"நீங்கதானே..."

"நீ உள்ள போ."

அவள் போய்விட்டாள்.

"அப்போ எம்பொண்ணு பொய் சொல்றாளா?"

"பயத்துல சொல்லியிருப்பா. பாவம்."

பொன்னியம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். படித்தவன், வசதியானவன். அவன் பொய் சொல்ல என்ன இருக்கிறது? அங்கேயே நின்று மகளைக் கூப்பிட்டாள்.

"அவரு ஊட்லதான் கீறேன். அவரு உன்ன குந்தச் சொல்லவே இல்லியாமே. எங்கிட்டயே இன்னாத்துக்குடி பொய் சொன்ன?"

 எதிர்முனையிலிருந்து ராதிகாவின் குரல் வந்தது.

"சரிம்மா. நீ ஊட்டுக்குப் போ."

பொன்னியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கைகூப்பினாள்.

"தப்பா நெனச்சுக்காத நைனா. அவ பேச்ச நம்பி உன்ன வந்து கேட்டுட்டேன்."

"பரவால்லம்மா" என்ற திருமுருகன், அவளுக்காக லிஃப்ட் பொத்தானை அழுத்தினான்.