மேசை விரிப்புக்கு மூன்று மாதச் சோறு

என் மனைவி சாந்தம்மாள் தைத்த மேசை விரிப்பு எவ்வளவு கனம் என்று கேட்பவர்களுக்கு நான் ஒன்றுதான் சொல்வேன். தைத்துக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை அதன் மடிப்புக்குள் மறதியாக வைத்த டீயைச் சனிக்கிழமை எடுத்துக் குடித்து, பக்கத்து வீட்டுப் பிச்சைமணி நாக்கைச் சுட்டுக்கொண்டான். நம்பாதவர்கள் அவன் நாக்கைப் பார்த்துக்கொள்ளலாம்.

மேலே பழைய சேலைத் துண்டுகள், அடியில் என் காக்கிச் சட்டைகள், நடுவில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்கள் குளிருக்குப் போர்த்தும் கம்பளி. மூன்றையும் சேர்த்துக் கட்டம் கட்டமாகத் தையல் ஓட்டியிருந்தாள். மூணாறு பக்கத்து ரிசார்ட் ஒன்றில் சாப்பாட்டு அறையைக் கவனிக்கும் ஜோமோள் மேடத்திடம் ஜூன் மாதம் கொண்டுபோய்க் காட்டினோம்.

“சேச்சி, அழகாத்தான் இருக்கு. ஆனா அழகு பாத்து ஆர்டர் தர முடியாது. டெய்லி இதுமேல சாப்பிடணும், கறி சிந்தணும், துவைக்கணும். மூணு மாசம் கழிஞ்சு நான் வந்து பாக்கறேன். தாங்கிச்சின்னா பன்னெண்டு மேசைக்கும் நீங்கதான்.”

சாந்தம்மாளுக்கு முட்டி போய்விட்டிருந்தது. கொழுந்துச் சாக்கோடு சரிவில் ஏறினால் அது முறியும் சத்தம் எதிர்மலைக்குக் கேட்கும். ஆர்டர் கிடைத்தால் தையல் மெஷினில் உட்கார்ந்துவிடலாம். கிடைக்காவிட்டால் மலைதான்.

ஆனால் எங்கள் வீட்டில் பதினொரு வருஷத்து டிவி ரிமோட் இன்னும் கவரைக் கழற்றவில்லை. விரிப்பை மேசையில் போட்ட அன்றே அதன்மேல் பிளாஸ்டிக் ஷீட் வந்தது. ஷீட்டில் கீறல் விழுகிறதென்று அடுத்த வாரம் அதன்மேல் பேப்பர் வந்தது. பேப்பர் கசங்குகிறதென்று எங்களைத் தரைக்கு இறக்கினாள். மூன்று மாதமும் மேசையை அண்ணாந்து பார்த்தபடி கீழே உட்கார்ந்து சாப்பிட்டோம். விருந்தாளிகளும் அப்படியே.

நடுவில் ஒருநாள் காற்றாடக் கொடியில் போட்டிருந்தபோது, தோட்டத் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் எங்கள் லயத்துக்குள் ஒரு யானை வந்தது. விரிப்பைத் தும்பிக்கையால் தொட்டுப் பார்த்தது. பிறகு அதை மடித்துக் கல்மேல் வைத்துவிட்டு, பிச்சைமணியின் லுங்கியை மட்டும் எடுத்துக்கொண்டு போயிற்று. மிருகத்துக்கே மனசு வரவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை வருவதாக மேடம் போன் செய்தார். சாந்தம்மாள் பேப்பரை எடுத்தாள், ஷீட்டை உரித்தாள், விரிப்பைப் பார்த்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

“அய்யோ, ஒரு பொட்டுக் கறை இல்லையே!”

சனிக்கிழமை லயமே விருந்துக்கு வந்தது. முப்பத்தெட்டுப் பேர். ஒரே பகலில் மூன்று மாதத்தைச் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஆனால் ஒருவரும் சிந்தவில்லை. வலது கைக்கு அடியில் இடது கையை ஏந்திக்கொண்டு, கோயில் தீர்த்தம் வாங்குவதுபோல் சாப்பிட்டார்கள். செபமாலையம்மாள் தட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஏத்தா, மேசைல வச்சுச் சிந்துடி!”

“எக்கா, இம்புட்டு அழகாத் தச்சிருக்க. கை வரமாட்டேங்குதே.”

“ஒம் புருசன் மேல தெனம் ரசத்த ஊத்துறவதான நீ?”

“அது கோவத்துல ஊத்துறது. சும்மா எப்படிக்கா ஊத்த?”

பிச்சைமணி நிமிர்ந்தான். “மதினி, கொழம்பு சிமெண்டு மாதிரி இருக்கு. சிந்தணும்னு நேர்ந்துக்கிட்டாலும் சிந்தாது.”

குழம்பில் தண்ணீரை ஊற்றினோம். இரண்டாம் பந்தியில் கூச்சம் தெளிந்தது. மூன்றாம் பந்தியில் பிச்சைமணி கரண்டியால் அபிஷேகமே செய்தான். மேற்பார்வை என்னுடையது. ஜன்னல் பக்கம் ஜூன், நடுவில் ஜூலை, சுவரோரம் ஆகஸ்ட் என்று பிரித்துவிட்டு, “ஜூலைக்கு மீன் பத்தாது, ஆகஸ்டுக்கு இன்னும் ஒரு பீட்ரூட்” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் பெண்கள் முறைவைத்துப் பன்னிரண்டு தடவை துவைத்தார்கள். நுரை ஓடையில் இறங்கி மூணாறு பாலம்வரை போனதாகக் கேள்வி. அந்த மழையில் கைக்குட்டை காயவே ஒரு வாரம் ஆகும். அதனால் பிச்சைமணி தான் வேலை பார்க்கும் தேயிலை பேக்டரிக்கு எடுத்துப்போய், டிரையர் பக்கத்தில் தொங்கவிட்டுக் காயவைத்துக் கொண்டுவந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாந்தம்மாள் என்னிடம் கையெடுத்துக் கும்பிட்டாள். “மேடம் வர்றப்ப நீங்க வாயத் தொறக்கவே கூடாது. ஒங்க புளுகால எல்லாம் கெட்டுப்போயிரும்.”

மேடம் வந்தார். தையலை நகத்தால் நெம்பினார், பிரியவில்லை. மீன்குழம்பு இருந்த இடத்தில் லேசான மஞ்சள், பீட்ரூட்டுக்கு லேசான ரோஸ். கிழிசல் இல்லை, சுருக்கம் இல்லை. சாந்தம்மாள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேடம் சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

“சேட்டா, சத்தியமா சொல்லணும். டெய்லி இதுமேலதானே சாப்பிட்டீங்க?”

மனைவியின் முட்டி விஷயத்தில் விளையாடக் கூடாது என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். “இல்ல மேடம். மூணு மாசமாத் தரையிலதான் சாப்பிட்டோம். நேத்து முப்பத்தெட்டுப் பேரக் கூட்டிவந்து ஊத்தவிட்டு, பன்னெண்டு தடவ அலசி, டிரையர் பக்கத்துல காயவச்சோம். யானை மட்டும் ஒரு தடவ தொட்டுச்சு.”

சாந்தம்மாள் சுவரைப் பிடித்தாள். மேடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

“சேட்டனோட தமாஷ் பத்தி ரிசார்ட்ல சொல்லிருக்காங்க. நேர்ல இன்னிக்குத்தான் கேக்கறேன். சேச்சி, பன்னெண்டு. ஓணத்துக்கு முன்னாடி வேணும்.”

ஜீப் வளைவில் மறையும்வரை சாந்தம்மாள் கும்பிட்டுக்கொண்டே நின்றாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஆயுசுல ஒரே ஒரு தடவ பொய் தேவப்பட்டுச்சு. அதச் சொல்லத் துப்பு இல்ல ஒங்களுக்கு!”