முந்நூறு மோப்பம்

எங்கள் தெருவில் பணத்தை எண்ணுவதற்கு முன் முகர்ந்து பார்ப்பார்கள்.

காலையில் தெருவுக்குள் வருகிற காசு, பொழுது சாய்வதற்குள் மெயின் ரோட்டுப் பெரிய கடைக்கு ஓடிவிடுகிறது என்று வியாபாரிகள் சங்கத் தலைவர் ஒரு நாள் கண்டுபிடித்தார். தையல்கார அக்கா இதையே பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மைக்கில் சொல்லாததுதான் அவள் செய்த தப்பு. தெருவுக்குள் மட்டும் செல்லுபடியாகும் பணம் ஒன்றைத் தலைவர் அறிவித்தார். அக்கா வெள்ளைத் துணியைப் பட்டை பட்டையாக வெட்டித் தந்தாள். தலைவர் அதில் தம் முகத்தை அச்சடிக்கச் சொன்னார். சோப்புக்காரம்மா எலுமிச்சைத் தைலத்தில் தோய்த்தெடுத்தாள்.

வாசனை நாற்பது நாள் நிற்கும். வாசனை போனால் பணமும் போச்சு. ஆனால் கைமாறும்போதெல்லாம், வாங்குகிறவர், சோப்புக்காரம்மா கடைக்குக் கடை கொடுத்திருந்த தைலக் குப்பியிலிருந்து ஒரு சொட்டு வைத்துவிடுவார். ஓடுகிற பணம் சாகாது.

தலைவர் அதற்கு ‘வட்டாரப் பொருளாதார மறுமலர்ச்சி அலகு’ என்று பெயர் வைத்தார். தெரு அதை ‘மோப்பம்’ என்றது. முடிவெட்ட நாலு மோப்பம், செருப்புக்கு வார் வைக்க ரெண்டு. கண்ணுக்குத் தெரியாத எலுமிச்சைத் தோப்பு ஒன்று தெருவில் உலாவ ஆரம்பித்தது. சலூன் வாசலில் கொஞ்சம் நிற்கும். பிறகு ஏதோ ஞாபகம் வந்ததுபோல் பேக்கரிக்குள் நுழையும். வெயிலின் மஞ்சளுக்கே வாசனை வந்துவிட்டதாகத் தோன்றும். பூனைகள் தும்மின.

தொடக்க விழாவில் தலைவர் தம் சேமிப்பு முழுவதையும் மேடையிலேயே கொடுத்து முந்நூறு மோப்பம் வாங்கினார். அந்தக் காசில் சங்கம் பேக்கரிக்கு அடுப்பும் அக்காவுக்கு மிஷினும் வாங்கிவிட்டது. “செலவழியுங்கள்! சுழல விடுங்கள்!” என்று ஒன்றரை மணி நேரம் முழங்கிவிட்டு வீட்டுக்குப் போனவர், முந்நூறையும் பீரோவில் வைத்துப் பூட்டினார். முந்நூறு தடவை தம் முகம். எப்படிக் கொடுக்க மனசு வரும்?

இரண்டு மாதம் போனது. படுக்கைக்கு நேர் மேலே கூரையில் விரிசல் விட்டிருந்தது. மழை இந்த வாரமோ அடுத்த வாரமோ என்று வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

“என்னங்க, முதல் சொட்டு என் மூஞ்சில விழுந்தா, ரெண்டாவது சொட்டுக்கு நான் தங்கச்சி வீட்ல இருப்பேன்” என்றாள் மனைவி. சொன்னால் செய்கிறவள். பெட்டியைக்கூடத் துடைத்து வைத்திருந்தாள்.

கொத்தனார் வந்து பார்த்து, நாற்பது மோப்பம் ஆகும் என்றார். தலைவர் பீரோவைத் திறந்தார். நாப்தலீன் உருண்டை வாசனைதான் வந்தது. அவசரமாகத் தம் தலைத் தைலத்தை எடுத்து நாற்பது பட்டைகளிலும் தேய்த்துக்கொண்டு வந்து நீட்டினார்.

கொத்தனார் முகர்ந்தார். “தலைவரே, இது பணமா, உங்க தலையணை உறையா?”

“நான் போட்ட திட்டம்யா இது!”

“நீங்க போட்ட சட்டமும்தானே? வேலை செஞ்சு நல்ல மோப்பமா கொண்டாங்க, ஏணியோட வரேன்.”

தலைவருக்கு என்ன வேலை தெரியும்? தையல்கார அக்கா பட்டன் தைக்கக் கொடுத்தாள். அவர் தம் சட்டையோடு சேர்த்துத் தைத்துக்கொண்டார். சலூன்காரர் கத்தரியையே கண்ணில் காட்டவில்லை. மனம் நொந்து பேக்கரி வாசலில் உட்கார்ந்தவர், பழக்கதோஷத்தில், “சுழற்சியே வளர்ச்சி, வளர்ச்சியே...” என்று முணுமுணுத்தார்.

உள்ளே மூன்று நாளாக அழுதுகொண்டிருந்த கைக்குழந்தை சட்டென்று ஓய்ந்தது. பேக்கரிக்காரரின் மருமகள் ஓடி வந்தாள்.

“மாமா, நிறுத்திடாதீங்க! இன்னும் கொஞ்சம் பேசுங்க.”

பேசினார். குழந்தை தூங்கியது. மருமகள் சுவரில் சாய்ந்தபடியே தூங்கினாள். மாவு பிசைந்துகொண்டிருந்தவர் மாவிலேயே கன்னத்தை வைத்தார். எழுந்ததும் இரண்டு மோப்பம் கொடுத்தார்கள்.

செய்தி பரவியது. மத்தியானங்களில் வீடு வீடாக அழைத்தார்கள். தலைவர் ‘உள்கட்டமைப்பு’ என்றதும் திரைச்சீலைகள் கண்ணயர்ந்தன. ‘கூட்டுப் பொறுப்பு’ வரைக்கும் யாரும் தாக்குப்பிடித்ததில்லை. தெரு முழுக்க எலுமிச்சை வாசனையில் மெதுவாக மூச்சு விட்டது. கைதட்டல் ஒன்றுதான் இல்லை. அது அவருக்கு முதலில் வலித்தது. பிறகு, தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாதே என்று அவரே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

பத்தாம் நாள் காலை கொத்தனார் விரிசலை அடைத்துவிட்டு, நாற்பது மோப்பத்தையும் முகர்ந்து வாங்கிக்கொண்டு, ஏணியோடு கிளம்பினார். மத்தியானம் மழை பிடித்தது. மனைவி படுக்கையில் மல்லாந்து, கூரையையே முறைத்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுகூட விழவில்லை.

“எதையாவது பேசுங்களேன்” என்றாள்.

பேசினார். இரண்டாவது வாக்கியத்திலேயே அவளுக்குக் கண் சொருகியது.

அவர் பையில் ஒரு மோப்பம் மிச்சமிருந்தது. எடுத்துப் பார்த்தார். பல கை பட்டுப் பட்டு முகம் அழிந்து, மூக்கு மட்டும் தங்கியிருந்தது. ஒன்றே ஒன்றுதானே என்று பீரோப் பக்கம் நகர்ந்தார்.

“செலவு பண்ணிட்டு வாங்க” என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

தலைவர் குடையை விரித்துக்கொண்டு பேக்கரிக்கு நடந்தார்.