இருபத்திரண்டு மில்லிமீற்றர் பொறாமை

2004ஆம் ஆண்டு ஏப்பிரல் ஆறாந் திகதி, செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு, அனோஜினியின் வலது சூலகத்தில் இருந்த முட்டைப்பை பொறாமையால் இரண்டு மில்லிமீற்றர் வளர்ந்தது. பெண்களுக்கு முட்டை ஏன் முற்றுவதில்லை என்று ஸ்கானில் பார்த்து ஆராயும் மொன்றியல் ஆஸ்பத்திரி ஒன்றில் அவள் படுத்திருந்தாள். வெளியே நடையில் ஒரு கர்ப்பிணி யாரோடோ கதைத்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்க முன்னர் திரையில் தெரிந்த கறுப்பு வட்டம் ஒன்பதிலிருந்து பதினொன்றானது. ஸ்கான் எடுத்த மதாம் லூசி மூன்று தரம் அளந்துவிட்டு, இப்போது என்ன நினைத்தாய் என்று கேட்டாள். அனோஜினி ஒளிக்கவில்லை. ஜான்-டலோன் சந்தையில் தக்காளி விற்றுப் பழகிய பிரெஞ்சு அவளுடையது. இலக்கங்களும் பொறாமைக்கான சொல்லும் அங்கேயே படித்தவை. லூசி அதை அப்படியே படிவத்தில் எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

முட்டை வெடிக்கப் பதினெட்டு மில்லிமீற்றராவது வேண்டும். கலியாணமாகி நாலு வருசமாக அவளுக்கு ஒன்பதைத் தாண்டவில்லை. தாண்டாததற்குக் காரணம் எங்கள் தேவாலயப் பங்குச் சனம்தான். நல்ல சனம், குறை சொல்லக்கூடாது. பிள்ளையில்லாதவளின் கண் பட்டால் கண்ணூறு, பார்த்தால் அவளுக்கும் மனவருத்தம் என்று எல்லாவற்றையும் ஒளித்தார்கள். ஞானஸ்நானத்துக்குச் சொல்லமாட்டார்கள். அவள் பூசைக்கு வந்தால் தள்ளுவண்டிகளைக் கதவுக்குப் பின்னால் விடுவார்கள். பொறாமைப்பட ஒரு சின்னச் சப்பாத்தைக்கூட அவள் கண்ணில் காட்டவில்லை, பாவி மனிசர்!

விசயம் தெரிந்ததும் கணவன் றெனோல்ட் தன் தங்கச்சி அஜிதாவை உதவிக்குக் கூப்பிட்டான். மூன்று பிள்ளைக்காரி. அவள் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருந்த தன் வீட்டுக்கு மச்சாளை அழைத்துப் புதுச் சங்கிலியைக் காட்டினாள், புது வான் வண்டியைக் காட்டினாள், பிள்ளைகளை வரிசையாக மடியில் இருத்தினாள். நடிப்பென்று தெரிந்த பொறாமைக்கு ஒவ்வொரு தரமும் அரை மில்லிமீற்றர்தான் கிடைத்தது. மே மாதம் முட்டைப்பை பதினாலு மில்லிமீற்றரில் நின்று சுருங்கிப் போனது. ஒன்றை மட்டும் அஜிதா காட்டவில்லை. அவளுக்கு நாலாவது தங்கியிருந்தது. "வானைக் காட்டு, சங்கிலியைக் காட்டு. வயித்தை மட்டும் காட்டிப்போடாதை பிள்ளை," என்று தாய் திரேசம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

ஆராய்ச்சி ஆறு மாதத்துக்குத்தான். ஜூன் கடைசி மாதம். அதோடு ஸ்கானும் இல்லை, லூசியும் இல்லை. அந்த மாதமும் பதினாலில் நின்றது. ஞாயிறு பூசையில் வெக்கை தாங்கேலாமல் சனம் பாட்டுத்தாளால் விசிறிக்கொண்டிருக்க, அஜிதா மட்டும் பனிக்காலக் கோட்டோடு இருந்தாள். ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். நற்கருணை நேரம் அவள் மயங்கிச் சரிந்தாள். பக்கத்தில் இருந்த அனோஜினிதான் பதறிப்போய்க் கோட்டின் சிப்பை இழுத்தாள்.

"எத்தினை மாசம்?"

"அஞ்சு, மச்சாள்," என்றாள் கண் திறந்த அஜிதா.

"எல்லாருக்கும் தெரியும், என்ன? எனக்கு மட்டும் ஒளிச்சனீங்கள். என்ரை கண் பட்டிடும்." சுவாமியார் அப்பத்தைக் கையில் வைத்தபடி நின்றார். "நாலாவதடி அஜிதா! எனக்கு ஒண்டுக்கும் வழியில்லை. ஓம், எரியுது. பத்தி எரியுது எனக்கு!"

அன்றைக்கு அனோஜினி சாப்பிடவில்லை. திங்கட்கிழமை காலை லூசி இருபத்திரண்டு என்று அளந்தாள். றெனோல்டை வேலையிலிருந்து உடனே வரச் சொன்னார்கள். மார்ச் மாதம் பெண்பிள்ளை பிறந்தது. ஏழு இறாத்தல்.

அதற்குப் பிறகு எங்கள் பங்கில் ஒருவரும் ஒன்றும் ஒளிப்பதில்லை. பிள்ளையில்லாத வீடுகளுக்குத் தள்ளுவண்டியை நேரே உருட்டிக்கொண்டு போய், வயிற்றெரிச்சல் வரும்வரை இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வருவார்கள். பலன் இருக்கிறது.

அனோஜினியின் மகள் மூன்றாம் மாதத்தில் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தாள். தாய் முன்னால் நிற்க, தூக்கி வைத்திருந்த அஜிதாவைப் பார்த்துச் சிரித்தாள். பிறகும் அவளைப் பார்த்தே சிரித்தாள். அனோஜினி பால் போத்தலை மேசையில் வைத்துவிட்டு அடிவயிற்றைப் பிடித்தாள்.

"இஞ்சருங்கோ," என்று வாசலில் நின்ற றெனோல்டைக் கூப்பிட்டாள். "இண்டைக்கு வேலைக்குப் போகாதேங்கோ. இடப்பக்கம் ஒண்டு வளருது."

றெனோல்ட் சப்பாத்தைக் கழற்றினான்.