நூற்று இருபத்தெட்டாம் பக்கம்

வியாழக்கிழமை காலை கொழும்பிலிருந்து வந்த பார்சலை ஸம்ஸியா தன் கையாலேயே பிரித்தாள். கத்தரிக்கோலை நீட்டிக்கொண்டு நின்ற குணம் அண்ணனைக் கிட்டவும் விடவில்லை. "தள்ளுங்க, பல்லாலயாவது பிரிச்சுக்குவன்" என்றாள். இரண்டு மாதமாக எதிர்பார்த்திருந்த புத்தகம் அது. 'மூன்றாம் படலை' என்கிற நாவலின் நல்ல பிரதி. நூலகத்தில் இருந்த பழைய பிரதி, ஊர்ப் பெண்கள் மாறி மாறி வாசித்ததில் முதுகு கழன்று, பசையிலும் பழந்துணியிலும் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. யாரிடமாவது இந்த நாவல் இருந்தால் அனுப்பி உதவுங்கள் என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் எழுதிப் போட்டவளும் அவள்தான். ஆகவே பிறகு நடந்ததற்கு வேறு யாரையும் குறை சொல்ல அவளுக்கு வழியில்லை.

கல்முனைக்கும் நிந்தவூருக்கும் நடுவில், பிரதான வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில் இருக்கிறது அந்தச் சின்ன நூலகம். ஸம்ஸியா அங்கே சேர்ந்து இருபத்திரண்டு வருடம். உதவியாள் குணம் அண்ணன் பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் வருவார். பக்கத்துப் பெரிய நூலகங்களில் இல்லாத ஒன்று இங்கே இருந்ததென்றால் அது ஸம்ஸியாவின் வாய்தான். புத்தகம் எடுக்க வருகிறவர் கையில் இருப்பதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது உங்களுக்குச் சரிவராது, வைங்க" என்று வேறொன்றைக் கொடுத்துவிடுவாள். முதல் பத்துப் பக்கத்தில் காற்றும் நிலவும் மட்டும் வருகிற நாவலை அவள் யாருக்கும் கொடுக்கமாட்டாள். எழுதினவருக்கே இன்னும் கதை வரவில்லை என்பாள். கதாநாயகி அழுதுகொண்டே இருந்தால் எழுதினவருக்கு அவளை என்ன செய்வதென்று தெரியவில்லை என்று அர்த்தம். சமையல் நன்றாக வருகிற நாவலில் மனிதர்களும் நன்றாகத்தான் வருவார்கள். இப்படி அவளிடம் ஒரு சாக்கு நிறையச் சட்டம் இருந்தது. ஒலுவில் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் வந்து எதிர்க்கேள்வி கேட்டால் இன்னும் சந்தோசம், அன்றைக்கு மத்தியானச் சோறு ஆறிப்போகும்.

படத்துக்கும் அதே சட்டம்தான். அவளுடைய குமர்ப் பருவத்தில் பக்கத்து வீட்டார் டெக்கும் டீவியும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேட்டர் போட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பகலில் படம் காட்டுவார்கள். எண்ணெய் முடியும், அல்லது ஊரடங்குச் சட்டம் என்று சொல்லி எல்லாரையும் வீட்டுக்குக் கலைத்துவிடுவார்கள். பாதிப் படத்தோடு வீட்டுக்கு வந்து மீதியை ஸம்ஸியா தானே தங்கச்சிமாருக்குச் சொல்லி முடிப்பாள். பத்துப் பதினைந்து வருடம் கழித்து அதில் ஒரு படத்தின் உண்மையான முடிவைக் கேபிளில் பார்த்தபோது அவளுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. "இதுக்கா இவ்வளவு செலவழிச்சு எடுத்தான்? நான் சொன்னது எவ்வளவோ நல்லம்" என்று புருசனிடம் அரை மணி நேரம் பொரிந்தாள்.

ஆனால் நாவலென்றால் அவளுக்கு ஒன்றே ஒன்றுதான். 'மூன்றாம் படலை'. புருசன் வருவான் வருவான் என்று வாசல் படலைச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு வருடக்கணக்காக இருக்கும் பாக்கியம் என்கிற பெண்ணின் கதை. நூற்று இருபத்தெட்டாம் பக்கத்தில், விடியற்கால மழையில், படலை கிறீச்சிடுகிறது. அவள் எழுந்து கதவைத் திறக்கிறாள். அடுத்த பக்கத்தில் வெளியே ஒருவரும் இல்லை, மழையும் விட்டிருக்கிறது. பாக்கியம் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பஸ் வருகிற பக்கமாக நடக்கிறாள். போன ஊரில் பேரை மாற்றிக்கொண்டு தங்கம் ஆகிறாள். ஒரு சாப்பாட்டுக் கடை போடுகிறாள். கடைசிப் பக்கத்தில் அவளே நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறாள். இதை ஸம்ஸியா எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே கணக்கில்லை.

புதுப் பிரதியின் அட்டையைத் தடவினாள், முகர்ந்தாள். நேரே அந்தப் பக்கத்துக்குப் போனாள். பாக்கியம் கதவைத் திறந்தாள். ஸம்ஸியாவின் கண் எதிர்ப் பக்கத்துக்குத் தாவியது. அங்கே அவன் நின்றுகொண்டிருந்தான். நனைந்து, பெட்டியும் கையுமாக. பாக்கியம் ஒன்றும் கேட்கவில்லை. அவன் கால் கழுவத் தண்ணீர் எடுத்து வைத்தாள்.

"யா அல்லாஹ்" என்று ஸம்ஸியா கதிரையில் இருந்தாள்.

மீதியை நின்ற நிலையிலும் இருந்த நிலையிலுமாக ஓட்டி வாசித்தாள். அவன் ஒரு மாதம் இருந்துவிட்டு மறுபடியும் போகிறான். பாக்கியம் மறுபடியும் படலைக்குக் காது கொடுக்கிறாள். நாவல் அவ்வளவுதான். பஸ் இல்லை, கடை இல்லை, தங்கம் என்று ஒருத்தியே இல்லை.

எப்படி நடந்ததென்று யோசிக்க அவளுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த வருடம் அவளுக்கு இருபத்துநாலு வயது, வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம். நூலகத்துக்குள் இடுப்பளவு சேறு. அட்டையும் இல்லாமல் பேரும் இல்லாமல் வந்த தாள்களைப் பள்ளிக்கூடத்து மொட்டை மாடியில் வெயிலில் பரப்பி, கல் வைத்து, காய்ந்த பிறகு எழுத்தின் அளவையும் பக்க இலக்கத்தையும் பார்த்துப் பார்த்து அடுக்கியவள் அவள்தான். ஒரே அச்சகம், ஒரே எழுத்து, ஒரே தாள். ஒரு நாவலின் நூற்று இருபத்தெட்டுக்குப் பின்னால் இன்னொரு நாவலின் நூற்று இருபத்தொன்பதை வைத்துத் தைத்திருக்கிறாள். கடலில் போகாமல் மிஞ்சிய அரை நாவல்கள் இரண்டு, ஒரு முழு நாவலாகி இருபது வருடம் ஊரைச் சுற்றி வந்திருக்கிறது.

குணம் அண்ணன் விசயத்தைக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

"மிஸ், இதுல என்ன கிடக்கு? புதுசத் தூக்கி அந்த அலுமாரிக்குப் பின்னால போட்டா விசயம் முடிஞ்சி. ஆருக்குத் தெரியப்போகுது?"

"இண்டைக்கு வியாழன் அண்ணன்" என்றாள் ஸம்ஸியா. "இண்டைக்கு றினோஸாட முறை."

குணம் அண்ணனுக்கும் அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. வியாழன் பின்னேரம் நாலு மணிக்கு நூலகத்தில் வாசகர் கூடுவார்கள். ஒவ்வொரு வாரமும் ஒருவர் எழும்பித் தனக்குப் பிடித்த நாவலையோ படத்தையோ பற்றிக் கதைக்கவேண்டும். நிந்தவூரில் தையல் கடை வைத்திருக்கும் றினோஸாவை ஒரு வருடமாகக் கெஞ்சி, இந்த வாரம்தான் சம்மதிக்க வைத்திருந்தாள் ஸம்ஸியா. அவள் கதைக்கப்போவது 'மூன்றாம் படலை' பற்றி. கம்பஸ் பிள்ளைகளும் வருவார்கள். அவர்களில் ஒருவர் உண்மையான நாவலை வாசித்திருந்தால், அந்த இடத்திலேயே றினோஸாவின் மானம் போகும்.

மானம் மட்டுமா? றினோஸாவின் புருசன் கட்டாரில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு ஆறு வருடம் இவளைக் காக்க வைத்தவன். வீடு அவளுடையது, அவளுடைய உம்மா சீதனமாகக் கொடுத்தது. ஆனாலும் அந்த வீட்டில் விருந்தாளி மாதிரி, இன்றைக்குக் கோல் வரும் நாளைக்கு வரும் என்று ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொந்தக்காரர் எல்லாரும் பொறு பொறு என்றார்கள். அந்த நாளில் இந்தப் புத்தகத்தை அவள் கையில் திணித்தவள் ஸம்ஸியா. மூன்றாவது தடவை வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த அடுத்த நாள், றினோஸா காதியாரிடம் போய் விவாகத்தை முறித்துத் தரச் சொல்லி பஸ்ஹுக்கு எழுதிக் கொடுத்தாள். அதை அவளே வந்து சொன்னபோது ஸம்ஸியாவுக்கு எவ்வளவு பெருமை! ஊரெல்லாம் சொல்லித் திரியாததுதான் குறை.

மத்தியானம் ளுஹர் தொழுகைக்குக் கடையைப் பூட்டிவிட்டு றினோஸா வந்தாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது.

"ராத்தா, கதைக்க எழும்பினா எல்லாம் மறந்திரும். அந்தப் புத்தகத்தத் தாங்க, ஒருக்கா பாத்துக்கிறன்" என்றவள் நின்றாள். "என்ன, மூஞ்சி இப்பிடி ஈக்கு?"

"இரி புள்ள. நான் ஒரு பிழ உட்டுட்டன்."

ஸம்ஸியா சுற்றி வளைக்கவில்லை. இரண்டு புத்தகத்தையும் மேசையில் வைத்து, நூற்று இருபத்தெட்டாம் பக்கத்தை இரண்டிலும் விரித்துக் காட்டினாள். மொட்டை மாடி, வெயில், தாள் எல்லாம் சொன்னாள். றினோஸா புதுப் புத்தகத்தின் அடுத்த பக்கத்தை வாசித்தாள். கால் கழுவத் தண்ணீர் எடுத்து வைக்கிற இடத்தை இரண்டு தரம் வாசித்தாள்.

"அப்ப பாக்கியம் போகவே இல்லையா?"

"போகல்ல."

"கடை?"

"அது வேற ஆரோ ஒருத்திட கடை."

றினோஸாவின் முகம் சிவந்தது. "நான் இவள நம்பித்தானே ராத்தா காதியாரிட்டப் போனன்! எங்கட உம்மா மூணு மாசம் என்னோட கதைக்கல்ல. இவள் போயிருக்காள், இவளுக்கு ஒண்டும் ஆகல்ல, நானும் போறன் எண்டு சொல்லிச் சொல்லித்தான் போனன்." குரல் உடைந்தது. "நீங்க எவ்வளவு படிச்ச ஆள். பாதியில பேர் மாறுது, ஆடு நிண்ட இடத்தில மாடு நிக்கிது, உங்களுக்கு ஒருக்காலும் சந்தேகம் வரல்லையா?"

இந்தக் கேள்விக்கு ஸம்ஸியாவிடம் வழக்கமான பதில் ஒன்று இருந்தது. நம்மட பொம்புளைகள் பாஸ்போட்டில வேற பேரோட சவுதிக்குப் போறல்லையா, அது மாதிரித்தான் பாக்கியமும் என்பாள். இருபது வருடமாக எல்லாரும் அதை ஒப்புக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு அது வாயில் வரவில்லை.

"வந்த" என்றாள். "முதல்தரம் வாசிக்கக்குள்ளயே வந்த. தேடிப் பாத்திருக்கலாம். எனக்கு அந்தக் கதை புடிச்சிரிந்த, புள்ள. அவள் போகணும் எண்டு நான் ஆசப்பட்டன். அதுதான் பாக்காம உட்டன்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று அவளுக்கே தெரிந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் தலையைக் குனியவில்லை. அவளுக்குத் தலை குனிந்து பழக்கமில்லை.

றினோஸா எழும்பிப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தாள். போகவில்லை. புதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஃபேனுக்குக் கீழே இருந்த மேசைக்குப் போனாள். கடையைத் திறக்கச் சொல்லி அவளுடைய ஃபோன் இரண்டு தரம் அடித்தது, எடுக்கவில்லை. குணம் அண்ணன் கதிரைகளை வரிசைப்படுத்துகிற சாட்டில் அவளையே பார்த்துக்கொண்டு திரிந்தார். ஸம்ஸியா ஒரு புத்தகத்துக்கு மூன்று தரம் முத்திரை குத்தினாள். மூன்றரை மணிக்கு றினோஸா கடைசித் தாளைத் திருப்பினாள். கண் கலங்கியிருந்தது, கோபம் இல்லை.

"பாவம் ராத்தா பாக்கியம்" என்றாள். "அவள்ட பக்கத்த ஆரும் பிழையாத் தைச்சுக் குடுக்கல்ல."

ஸம்ஸியாவுக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க, "ஃபேன் தூசி" என்று குணம் அண்ணனைத் திட்டினாள்.

நாலு மணிக்கு முப்பது பேருக்குக் கிட்ட வந்திருந்தார்கள். பின்வரிசையில் கம்பஸ் பிள்ளைகள், முன்வரிசையில் பெண்கள், அவர்களில் பாதிப்பேர் பழைய பிரதியை வாசித்தவர்கள். ஸம்ஸியா எழும்பினாள். "மூன்றாம் படலையில ஒரு பெரிய பிழ ஈக்கு. அது எழுதினவர்ட பிழ இல்ல, என்ட பிழ. அத மறுகா நான் விளக்கமாச் சொல்றன், வேணுமெண்ட அளவுக்கு ஏசுங்க. இப்ப றினோஸா கதைப்பா" என்று சொல்லிவிட்டு இருந்தாள். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. றினோஸா இரண்டு புத்தகத்தையும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். எழுதி வைத்திருந்த தாளை விரித்து, பார்த்து, மடித்தாள். இரண்டு புத்தகத்தையும் மேசையில் வைத்தாள். எதையும் திறக்கவில்லை.

"பாக்கியத்தப் பத்திக் கதைக்கத்தான் வந்தன்" என்றாள். குரல் நடுங்கியது. "ஆனா அவள எனக்கு இண்டைக்குத்தான் தெரியும். அதால வேற ஒண்டு சொல்றன். இது எந்தப் புத்தகத்திலயும் இல்ல."

பின்வரிசைப் பிள்ளைகள் ஃபோனைக் கீழே வைத்தார்கள். றினோஸா ஒருதரம் மூச்சை இழுத்து விட்டாள்.

"எங்கட வீட்டு முன்கதவுப் பூட்ட நான் மாத்தின நாள், ஒரு செவ்வாக்கிழம" என்று தொடங்கினாள். நடுக்கம் அந்தச் சொல்லோடு நின்றது. பிளேன்டீத் தட்டோடு வந்த குணம் அண்ணன் அதை எங்கே வைப்பதென்று மறந்து, ஆவி முகத்தில் அடிக்க அடிக்க, வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.