அரை மாத்திரை

கால்நடை ஆஸ்பத்திரி வராந்தாவில் சசிகலா காலை எட்டு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒயர்கூடை. கூடைக்குள் பழைய யூனிபார்ம் சட்டையில் சுற்றிய பூனை. முகம் வீங்கி, வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பூனை வாயால் மூச்சு விட்டு அவள் பார்த்ததே இல்லை.

பூனையின் பெயர் மண்ணாங்கட்டி. கூடப் பிறந்த மூன்று குட்டிகளும் செத்துப்போக, மிஞ்சிய இதன் மேலாவது எமன் கண் படக்கூடாது என்று சசிகலா வைத்த பெயர். பிள்ளை தங்காத வீடுகளில் அப்படித்தான் வைப்பார்கள். சுங்குவார்சத்திரத்து ஒற்றை அறையில் ஷிப்ட் முடிந்து வருகிறவளுக்காகக் காத்திருக்கும் ஒரே ஜீவன் அது.

டாக்டரம்மா மாடுகளுக்குத் தடுப்பூசி போட வல்லக்கோட்டைப் பக்கம் போயிருந்தார். "வந்துருவாங்கம்மா," என்று கம்பவுண்டர் கோதண்டம் மூன்றாவது தடவையாகச் சொன்னார்.

"ஒரு மணிக்கு கம்பெனி பஸ்ஸுண்ணா," என்று அவளும் மூன்றாவது தடவையாகச் சொன்னாள்.

பத்தரைக்கு டாக்டரம்மா வந்து பூனையின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு பழுப்பேறிக் கிடந்தது.

"என்ன குடுத்தீங்க?"

"நேத்து ஒடம்பு கொதிச்சுதும்மா. ஒண்ணுமே துன்னல. எங்க கம்பெனி மெடிக்கல் ரூம்ல குடுக்கிற காய்ச்ச மாத்திரை... அரைதான் பால்ல கரைச்சு ஊத்துனேன்."

"பாராசிட்டமாலா? பூனைக்கு அது விஷம்மா. யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?"

யாரைக் கேட்பது? ஒன்பது வருஷமாக இடுப்பு வலி, பல்வலி, மாதவிலக்கு, சோல்டரிங் புகையால் வரும் தலைவலி, எல்லாவற்றுக்கும் அந்த ரூமில் அந்த ஒரே மாத்திரைதான். அதை விழுங்கித்தான் அவள் லைனில் நிற்கிறாள். தனக்கு ஆகிற மருந்து இதற்கு ஆகாமலா போகும் என்று நினைத்துவிட்டாள். பாவி, என் கையாலேயே ஊற்றினேனே.

டாக்டரம்மா ஊசி போட்டார். "இது போதாதும்மா. முறிவு மருந்து மெட்ராஸ்ல வேப்பேரி பெரிய ஆஸ்பத்திரியில இருக்கும். இன்னைக்கே கொண்டு போயிடுங்க. நாளைக்குன்னா தாங்காது."

சசிகலா சூப்பர்வைசர் பிரவீன்குமாருக்குப் போன் போட்டாள்.

"சார், இன்னிக்கு மட்டும் லீவு வோணும். வூட்ல ஒடம்பு சரியில்ல."

"யாருக்குக்கா?"

பிள்ளைக்கு என்று சொல்லலாம். பிள்ளை இல்லாதவள் என்பது லைனுக்கே தெரியும். "பூனைக்கு சார்."

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. "இன்னாக்கா, கலாய்க்கிறியா? மாசக் கடைசி. ஏற்கெனவே ரெண்டு பேர் வரல. நீயும் வரலேன்னா காண்ட்ராக்டர்கிட்ட பேரைக் குடுத்துருவேன். அப்புறம் பூனையோடவே இரு."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

கோதண்டம் கூடையை வாங்கிக்கொண்டார். "அஞ்சு மணிக்கு கதவ சாத்துவோம்மா. அதுவரைக்கும் பாத்துக்கிறேன். அதுக்குள்ள யாரையாச்சும் அனுப்பு."

"அனுப்புறேண்ணா," என்றாள். யாரை அனுப்புவது என்று அவளுக்கே தெரியவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து, தெரிந்த நான்கு பேருக்குப் போன் போட்டாள். மூன்று பேர் ஷிப்டில் இருந்தார்கள். நாலாவது ஆள் போனை எடுக்கவில்லை. கம்பெனி வாசலில் போனை லாக்கரில் வைத்துப் பூட்டினாள். இனி ராத்திரிதான் அது கைக்கு வரும்.

நாலரைக்கெல்லாம் தலை வெடித்தது. இரண்டு சர்க்யூட் போர்டுகளைத் தலைகீழாக மாட்டிவிட்டாள். பிரவீன்குமார் திட்டிவிட்டு மெடிக்கல் ரூமுக்கு அனுப்பினான்.

அங்கே சுவர்க் கடிகாரத்தில் ஐந்து அடித்து ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது.

"இன்னா?" என்று கேட்ட நர்ஸ் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"தல வலிக்குது சிஸ்டர்."

நர்ஸ் டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் போட்டாள். "போட்டுக்கினு லைனுக்குப் போ."

சசிகலா கையைப் பார்த்தபடி நின்றாள். மாத்திரையின் நடுவில், பாதியாக உடைப்பதற்கென்று ஒரு கோடு போட்டிருந்தது.